பற்கம்பி கழற்றிய பிறகு: ரிட்டெய்னர் தொல்லைகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

பற்கம்பி கழற்றும் நாளில் கையில் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்து, "ராவைக்கு மறக்காமப் போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வெளியே நம்பர் எடுத்துக் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் அதற்கு மேல் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் ரிட்டெய்னர், அதாவது நேராக்கிய பல்லை இடத்திலேயே பிடித்து வைக்கும் சாதனம், இறுகினால் என்ன, உடைந்தால் என்ன, நாய் கடித்தால் என்ன என்ற கேள்விகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் முளைக்கின்றன. கொழும்பில் இருப்பவர் அடுத்த நாளே போய்க் கேட்டுவிடலாம். மஸ்கெலியாவிலோ பூண்டுலோயாவிலோ இருப்பவருக்கு அது ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடினால் அதுவும் இல்லை.

அதனால் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியையும் ஒரே கேள்வியோடு பார்க்கிறேன்: இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா, பக்கத்து ஊர்ப் பல் வைத்தியர் போதுமா, அல்லது கம்பி போட்ட இடத்துக்கே போக வேண்டுமா? மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் சும்மா இருக்க வேண்டிய விஷயத்துக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை வரை ஓடுவதும், ஓட வேண்டிய விஷயத்துக்குத் தைப்பொங்கல் முடியட்டும் என்று இருப்பதும் நடக்கிறது.

பல் ஏன் திரும்பிப் போகப் பார்க்கிறது

ஒவ்வொரு பல்லும் மெல்லிய நார்களால் எலும்போடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கம்பி பல்லை நகர்த்தும்போது அந்த நார்கள் இழுபடுகின்றன. வேரைச் சுற்றிய நார்கள் புதிய இடத்துக்குப் பழகிக்கொள்ள 3, 4 மாதம் ஆகும். முரசுக்குள் (ஈறுக்குள்) இருக்கும் மீள்தன்மையுள்ள நார்களுக்கு ஒரு வருடம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். திருகிக் கிடந்து நேராக்கப்பட்ட பல்தான் திரும்பிப் போக அதிகம் அவசரப்படும். முதல் வருடத்தில் கண்டிப்பாக இருக்கச் சொல்வது இதனால்தான்.

அந்த வருடம் கடந்துவிட்டால் விடுதலை என்று நினைத்துவிட வேண்டாம். வயது போகப் போகக் கீழ் முன்பற்கள் நெருங்குவது வாழ்நாளில் கம்பியே போடாதவர்களுக்கும் நடப்பது. "எத்தனை வருஷத்துக்கு டொக்டர் போடணும்?" என்று கேட்டால் நேர்மையான பதில் ஒன்றுதான்: பல் நேராக இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் காலம் வரை. பகல் முழுக்கவா, இரவில் மட்டுமா என்பது உங்கள் பல்லைப் பொறுத்தது. அதில் உங்கள் வைத்தியர் சொன்ன கணக்கே கணக்கு.

முதலில், உங்களிடம் இருப்பது எது?

மூன்று வகை உண்டு. அண்ணத்தில் ஒட்டும் நிறப் பிளாஸ்டிக்கும் முன்பற்களைச் சுற்றி ஒரு கம்பியும் உள்ளது ஹோலி. பல்லின் வடிவத்திலேயே கண்ணாடி போல இருப்பது தெளிந்த பிளாஸ்டிக் ரிட்டெய்னர். மூன்றாவது, முன்பற்களின் பின்பக்கம் ஒட்டிவிடும் மெல்லிய கம்பி. இதைக் கழற்ற முடியாது. சிலருக்குக் கீழே ஒட்டிய கம்பியும் மேலே கழற்றும் ரிட்டெய்னரும் கொடுத்திருப்பார்கள்.

இன்றைக்கு எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் ஒரு வேலை செய்து வையுங்கள். பகல் வெளிச்சத்தில், வாயை நன்றாகத் திறந்து, முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மேல் வரிசை, கீழ் வரிசை என்று போனில் படம் எடுங்கள். ரிட்டெய்னர் போட்டபடி ஒன்று, போடாமல் ஒன்று. மாதம் ஒருமுறை போதும். "கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருக்கு" என்று போனில் சொல்வதைவிட இரண்டு படத்தை அனுப்பினால் வைத்தியர் அங்கிருந்தே வரச் சொல்வதா வேண்டாமா என்று தீர்மானித்துவிடலாம்.

போடும்போது இறுகுகிறது, ஆனால் உள்ளே போய்விடுகிறது

இதுதான் அதிகம் வரும் முறைப்பாடு. பெரும்பாலும் காரணம் உங்களுக்கே தெரியும். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது ரிட்டெய்னர் கொழும்பு போர்டிங்கில் கிடந்திருக்கும், அல்லது காய்ச்சலில் இரண்டு மூன்று இரவு போடாமல் விட்டிருப்பீர்கள். பல் மயிரளவு நகர்ந்திருக்கிறது. ரிட்டெய்னர் அதைத் திரும்பத் தள்ளுகிறது.

விரலால் அழுத்தினால் முழுவதும் உட்கார்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் வீட்டிலேயே சரியாகும். சாப்பிடும் நேரமும் பல் துலக்கும் நேரமும் தவிரப் பகலிலும் போடுங்கள். இறுக்கம் சில நாட்களில் குறைந்து, போடுவதே தெரியாத நிலைக்கு வந்தால் மறுபடி இரவுக்கு மட்டும் மாறலாம். ஒரு வாரம் பகலும் இரவும் போட்டும் இறுக்கம் குறையாவிட்டால் போன் செய்யுங்கள்.

தினமும் போட்டும் ஒவ்வொரு இரவும் இறுகுகிறது என்றால் அது வேறு கதை. பகல் முழுக்கப் பல் நகர்ந்துகொண்டும் இரவில் திரும்பிக்கொண்டும் இருக்கிறது. போடும் நேரம் உங்கள் பல்லுக்குப் போதவில்லை என்று அர்த்தம். நேரத்தைக் கூட்டிவிட்டு அடுத்த கிளினிக் நாளில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

முழுதாக உட்காரவே இல்லை

தெளிந்த பிளாஸ்டிக் என்றால் கண்ணாடி முன் நின்று, பல்லின் கடிக்கும் விளிம்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே பாருங்கள். அங்கே எச்சில் குமிழியோ தெளிவான வெற்றிடமோ தெரிந்தால் உட்காரவில்லை. ஹோலி என்றால் ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கும், அல்லது முன்கம்பி பல்லை விட்டுத் தள்ளி நிற்கும்.

இங்கே ஒரு முக்கியமான பிரிவு இருக்கிறது. மாறியது பல்லா, ரிட்டெய்னரா? கம்பி கழற்றியபோது எடுத்த பிளாஸ்டர் அச்சு கையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ரிட்டெய்னர் அச்சில் சரியாகப் பொருந்தி, வாயில் பொருந்தாவிட்டால் பல் நகர்ந்திருக்கிறது. அச்சிலும் பொருந்தாவிட்டால் ரிட்டெய்னர் வளைந்திருக்கிறது. அச்சு இல்லாதவர்கள் நடந்ததை யோசித்துப் பாருங்கள். பல நாள் போடாமல் விட்டிருந்தால் சந்தேகம் பல்லின் மேல். நேற்று இரவு வரை சுகமாகப் போட்டது இன்று திடீரென்று ஏறவில்லை என்றால் சந்தேகம் ரிட்டெய்னரின் மேல்.

நம் பக்கத்தில் ரிட்டெய்னர் வளைவதற்குப் பெரிய காரணம் சுடுதண்ணீர். நுவரெலியாக் குளிரில் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் கை வைக்கவே யாருக்கும் மனம் வராது. முகம் கழுவக் காய்ச்சிய தண்ணீரிலேயே ரிட்டெய்னரையும் அலசுவோம். "நல்லாக் கிருமி சாகட்டும்" என்று கேத்தல் தண்ணீரை ஊற்றுகிறவர்களும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சலுகை ரிட்டெய்னரைக் காப்பாற்றாது. தெளிந்த ரிட்டெய்னருக்குப் பயன்படும் பிளாஸ்டிக்குகளில் பல 80 பாகை அளவிலேயே இளகிவிடுபவை. விறகடுப்புக்குப் பக்கத் திட்டில் வைப்பதும், வெயில் நேரத்தில் வேன் டாஷ்போர்டில் வைப்பதும் இதே வேலையைத்தான் செய்யும். ரிட்டெய்னரை வாயில் வைத்துக்கொண்டே ஆவி பறக்கும் பிளேன்டி குடிப்பதும் கூடாது.

வளைந்த ரிட்டெய்னரை வீட்டில் நிமிர்த்த முடியாது. மறுபடி சுடுதண்ணீரில் போட்டு அமுக்கிப் பார்க்கும் யோசனை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வளைந்ததைத் தொடர்ந்து போட்டால் அது பல்லை வளைந்த இடத்துக்குத் தள்ளும்.

பல் நகர்ந்திருந்தாலும் பலாத்காரம் வேண்டாம். கடித்துக் கடித்து ஏற்றினால் பிளாஸ்டிக் வெடிக்கும், முரசு கிழியும். இரண்டு நிலையிலும் கம்பி போட்ட இடத்துக்குப் போக வேண்டும். எவ்வளவு சீக்கிரம்? கம்பி கழற்றி ஒரு வருடம் ஆகவில்லை என்றால் இந்த வாரமே. அதற்கு மேல் ஆனவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் பொறுக்கலாம், ஆனால் மாதக்கணக்கில் அல்ல.

தொலைந்துவிட்டது, உடைந்துவிட்டது, நாய் கடித்துவிட்டது

தொலையும் ரிட்டெய்னர்களில் பெரும்பகுதி டிஷுப் பேப்பரில் சுற்றப்பட்டவை. கல்யாண மண்டபத்தில் சாப்பிடக் கழற்றி, இலைக்குப் பக்கத்தில் வைத்து, இலையோடு போய்விடும். பெட்டியில்தான் வைக்க வேண்டும். பெட்டி இல்லாவிட்டால் மூடியுள்ள சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில். நாய்க்கு எச்சில் மணம் பிடிக்கும் என்பதால் கட்டிலோரம், ஜன்னல் விளிம்பு எல்லாம் ஆபத்தான இடங்கள். லயத்தில் எலித் தொல்லை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

தொலைந்த அன்றே போன் செய்யுங்கள். உங்கள் பிளாஸ்டர் அச்சோ கணினி ஸ்கேனோ அங்கே இருந்தால், பல் நகராத பட்சத்தில் அதை வைத்தே புதிதாகச் செய்யலாம். இல்லாவிட்டாலும் புதிதாக அச்சு எடுப்பார்கள். இன்றைக்கு எடுக்கும் அச்சு இன்றைக்கு இருக்கும் பல்லைத்தான் பிடித்து வைக்கும்; மூன்று மாதம் கழித்து எடுத்தால் மூன்று மாதம் நகர்ந்த பல்லைப் பிடித்து வைக்கும். தள்ளிப்போட்டு மிச்சம் பிடித்த பஸ் காசு கடைசியில் மறுபடி கம்பி போடும் செலவில் போய் நிற்கும்.

முடிந்தால் முதல் தடவையே இரண்டு ரிட்டெய்னர் செய்து வாங்குங்கள் என்பது என் பிடிவாதமான யோசனை. தூரத்தில் இருப்பவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. குறைந்தபட்சம் பிளாஸ்டர் அச்சையாவது கேட்டு வாங்கி, துணியில் சுற்றி அலுமாரி மேல் தட்டில் வையுங்கள்.

தெளிந்த ரிட்டெய்னரில் மயிர்க்கோடாக வெடிப்பு மட்டும் இருந்து, கூர்முனை எதுவும் இல்லாமல், இன்னும் இறுகப் பிடித்தால், புதியது வரும் வரை அதையே போடலாம். துண்டாகப் பிரிந்தால் போட வேண்டாம்; தூக்கத்தில் தொண்டைக்குள் போகும். சுப்பர் குளூ எந்த நிலையிலும் கூடாது. நடு நடுவே வெடிப்பதற்கு இரண்டு காரணம் அதிகம்: ஒரே பக்கத்திலிருந்து பிய்த்துக் கழற்றுவது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது. இரண்டு பக்கக் கடைவாய்ப் பல்லிலும் விரல் வைத்துச் சமமாகக் கழற்றுங்கள். பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். தடித்த பிளாஸ்டிக்கில் செய்யலாம்.

பின்பக்கம் ஒட்டிய கம்பி கழன்றிருக்கிறது

இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். கம்பி முழுவதும் கையில் வந்தால் யாரும் கவனிப்பார்கள். ஆனால் பெரும்பாலும் ஆறு பல்லில் ஒன்றில் மட்டும் ஒட்டுப்பசை விட்டிருக்கும். கம்பி இடத்திலேயே இருக்கும், வலியும் இருக்காது. அந்த ஒரு பல் மட்டும் சத்தமில்லாமல் வெளியே வரும். கண்ணாடியில் தெரியும் நேரத்தில் கம்பியை அப்படியே திருப்பி ஒட்ட முடியாத நிலை வந்திருக்கும்.

அதனால் வாரம் ஒருமுறை சோதிப்பது நல்லது. நாக்கு நுனியை ஒவ்வொரு பசைப் பொட்டின் மேலும் ஓட்டுங்கள். முன்பு வழவழப்பாக இருந்தது கரடுமுரடாகப் படுகிறதா, பொட்டு இருந்த இடம் பள்ளமாக இருக்கிறதா? கம்பியை நகத்தால் மெதுவாகத் தொட்டால் ஓரிடத்தில் மட்டும் அசைகிறதா? பசையின் விளிம்பைச் சுற்றி மண்ணிறக் கோடு விழுந்திருக்கிறதா? பிளேன்டி குடிக்கும் வாய் என்றால் இந்தக் கோடு நல்ல சாட்சி. பசை தூக்கிய இடுக்கில்தான் தேயிலைச் சாயம் முதலில் இறங்கும். போன் டோர்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் இருந்தால் இன்னொருவர் பார்த்துச் சொல்லலாம்.

கழன்றது உறுதியானால்:

கழற்றும் ரிட்டெய்னரும் உங்களிடம் இருந்து, அது கம்பிக்கு மேல் தடையில்லாமல் ஏறினால், ஒட்டும் நாள் வரை பகலும் இரவும் அதைப் போடுங்கள். பல் இடத்தில் நிற்கும். பயணத்தை அவசரமில்லாமல் ஏற்பாடு செய்யலாம். அது இல்லை என்றால் சில நாட்களுக்குள் ஒட்டிவிட வேண்டும்.

கம்பி வளையவில்லை, அறுந்தும் போகவில்லை, பசை மட்டும்தான் விட்டது என்றால் பக்கத்து ஊரில் இருக்கும் சாதாரணப் பல் வைத்தியரே ஒட்டிவிடுவார். பல்லை அடைக்கப் பயன்படும் அதே பல் நிறப் பசைதான். அட்டனில் முடியும் வேலைக்குக் கண்டி வரை போக வேண்டாம். ஆனால் போகும் முன் அங்கே போன் செய்து, "பின் கம்பி ஒரு பல்லில கழன்றிருக்கு, திருப்பி ஒட்டுவீங்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பி வளைந்திருந்தால் மட்டும் கதை மாறும். வளைந்த கம்பியை அப்படியே ஒட்டினால் அது பல்லைத் தள்ளும் கம்பியாகிவிடும். பற்கம்பி நிபுணர்தான் பார்க்க வேண்டும். இந்தக் காரணத்தாலேயே, குத்துகிற கம்பியைக் கரண்டிக் காம்பால் அமுக்கி வளைப்பது, நகவெட்டியால் நறுக்குவது எல்லாம் வேண்டாம். நாக்கைக் குத்தினால் கம்பி போட்ட காலத்தில் தந்த மெழுகை உருட்டி முனையில் ஒட்டுங்கள். மெழுகு இல்லாவிட்டால் சீனி இல்லாத சுவிங்கத்தை மென்று, அந்த ஒரு நாளைக்குச் சமாளிக்கலாம்.

அறுந்த துண்டு ஒன்று காணாமல் போய், அதன் பிறகு விடாத இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சில் குத்தல் வந்தால் பல் வைத்தியரைத் தேட வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். விழுங்கி வயிற்றுக்குள் போனது என்று தோன்றினாலும் அன்றே வைத்தியரிடம் காட்டுவது பாதுகாப்பு.

ஏன் கழன்றது என்பதையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் கழலும். கடலை உருண்டை, முறுக்கு, அவித்த சோளத்தைக் கதிரோடு கடிப்பது, முழுக் கொய்யா, பிளேன்டிக்குக் கடிக்கும் கித்துள் கருப்பட்டி: குற்றவாளி பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இருப்பான். எதையும் விட வேண்டியதில்லை. முன்பல்லால் கடிப்பதை மட்டும் விட்டு, துண்டாக்கிக் கடைவாயில் மெல்லுங்கள். இவற்றில் ஒன்றும் இல்லாமலே ஒரே பல்லில் திரும்பத் திரும்பக் கழன்றால் எதிர்ப்பல் கம்பியில் இடிக்கிறதா என்று வைத்தியர் பார்க்க வேண்டும்.

கம்பி கழலவில்லை, ஆனாலும் பல் நகர்கிறது

அபூர்வம்தான், ஆனால் நடக்கும். ஆறு பல்லிலும் பசை உறுதியாக இருக்கும். ஆனாலும் ஒரு கோரைப்பல் வெளியே சாய்வதும், ஒரு பல்லின் வேர் முரசுக்குள் புடைத்துத் தெரிவதும், முன்பு இல்லாத இடத்தில் முரசு இறங்குவதும் நடக்கும். கம்பிக்குள் சிக்கியிருக்கும் முறுக்கு மெல்ல மெல்லப் பல்லைத் திருப்புகிறது. "கம்பிதான் இருக்கே" என்ற நம்பிக்கையில் இதை வருடக்கணக்கில் விட்டுவிடுவார்கள். வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. படம் எடுத்து அனுப்பிவிட்டு நிபுணரிடம் நேரே போங்கள். அந்தக் கம்பியை எடுத்தாக வேண்டும்.

கம்பியைச் சுற்றி முரசில் இரத்தம்

துலக்கும்போது இரத்தம் வந்தால் பலரும் அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறார்கள். அது நிலைமையை இன்னும் கெடுக்கும். கம்பிக்குக் கீழே அழுக்கு படிந்திருக்கிறது, கல்லாகவும் இறுகியிருக்கலாம் என்பதே பெரும்பாலும் அந்த இரத்தத்தின் செய்தி. கல் படிந்துவிட்டால் பிரஷால் போகாது. வைத்தியர்தான் சுரண்ட வேண்டும். இதற்குப் பக்கத்து அரச வைத்தியசாலையின் பல் பிரிவே போதும்.

சுரண்டிய பிறகு திரும்பிப் படியாமல் இருக்க, பல்லிடுக்கில் நுழையும் சின்னப் பிரஷ் கம்பிக்கு அடியில் நுழைந்தால் அதைப் பயன்படுத்துங்கள். நுழையாவிட்டால் நுனி விறைப்பான நூல் பார்மசியில் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பல் நூல் மேலிருந்து இறங்காது, கம்பி தடுக்கும். வெற்றிலை போடுகிறவர்களுக்குக் கல் இன்னும் வேகமாகப் படியும். சிவப்பேறிய பசைப் பொட்டு கழன்றாலும் கண்ணுக்குத் தெரியாது. பாக்கும் புகையிலையும் வாய்க்கு என்ன செய்யும் என்பது தனிக் கதை.

குளோர்ஹெக்ஸிடின் வாய்க்கழுவி எழுதித் தந்தால் சொன்ன நாட்களுக்கு மட்டும். அதோடு தேநீரும் சேர்ந்தால் பல்லில் மண்ணிறக் கறை விரைவாக ஏறும். கொப்பளித்த கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள்.

மணம், வெள்ளைப் படலம், மஞ்சள் நிறம்

பெரும்பாலும் சோம்பலின் மணம். ரிட்டெய்னரைக் கழற்றியவுடன், எச்சில் காயும் முன், பச்சைத் தண்ணீரில் அலசி, மென்மையான பிரஷில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் தேயுங்கள். பற்பசை வேண்டாம்; அதில் உள்ள துகள் பிளாஸ்டிக்கைக் கீறிவிடும், கீறலில் கிருமி குடியேறும். கல் போலப் படிந்திருந்தால் வெள்ளை வினாகிரியையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து கொஞ்ச நேரம் ஊறவைத்துத் தேயுங்கள். பொய்ப்பல் கழுவும் மாத்திரை கிடைத்தால் அதுவும் நல்லது. குளோரின் கலந்த வெண்மையாக்கி மட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது, முக்கியமாக ஹோலிக்கு. உலோகக் கம்பியை அது அரித்துவிடும்.

மஞ்சள் நிறம் பார்க்க அசிங்கமே தவிர வேலைக்குக் குறைவில்லை. நிறத்துக்காக மட்டும் புதியது செய்யாதீர்கள்.

சீனி போட்ட தேநீர் விஷயம் நிறத்தைவிடப் பெரியது. ரிட்டெய்னருடன் குடித்தால் சீனித்தண்ணீர் பிளாஸ்டிக்குக்கும் பல்லுக்கும் நடுவே தேங்கி நிற்கும். எச்சில் வந்து கழுவ வழியில்லை. முன்பல்லில் வெள்ளைத் திட்டு வந்தால் அது சொத்தையின் தொடக்கம். ரிட்டெய்னர் வாயில் இருக்கும்போது தண்ணீர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோலி போடுகிறவர்களுக்கு அண்ணம் ரிட்டெய்னரின் வடிவத்திலேயே சிவந்து எரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். சுத்தம் செய்வது மட்டும் போதாது, மருந்து தேவைப்படும். பக்கத்து வைத்தியர் போதும்.

பேச்சு குழறுகிறது, எச்சில் ஊறுகிறது

புது ஹோலிக்கு இது இயல்பு. சில நாட்களில் நாக்கு பழகிவிடும். பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குச் சீக்கிரம் சரியாகும்.

பல்லுக்கு நடுவே இடைவெளி திறக்கிறது

மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஆரம்பத்தில் இடைவெளி இருந்தவர்களுக்கு அது திரும்பப் பார்க்கும். பல் பிடுங்கி இடம் மூடியவர்களுக்கு அந்த இடத்திலும் திறக்கலாம். ரிட்டெய்னர் இன்னும் ஏறுகிறது என்றால் நேரத்தைக் கூட்டுங்கள். முதல் அறிகுறிக்குச் சொன்னதே இங்கும். கூட்டியும் திரும்பத் திரும்பத் திறந்தால் நாக்கைக் கவனியுங்கள். எச்சில் விழுங்கும்போது நாக்கு நுனி முன்பல்லைத் தள்ளுகிறதா, அல்லது மேலே அண்ணத்தில் படுகிறதா? தள்ளினால், எவ்வளவு நல்ல ரிட்டெய்னரும் பகல் முழுக்க நாக்கோடு போராட வேண்டியிருக்கும். இதை நிபுணரிடம் சொல்ல வேண்டும். பல்லிடுக்கு ரப்பர் வளையத்தை யாரோ சொன்னார்கள் என்று நீங்களே மாட்டிவிடாதீர்கள். வளையம் முரசுக்குள் ஏறி வேரையே நாசமாக்கி, பல் விழுந்துபோகவும் இடம் இருக்கிறது.

கடைவாய் தொடுகிறது, முன்பற்கள் தொடவில்லை

உங்கள் தெளிந்த ரிட்டெய்னர் கடைசிப் பல் வரை மூடுகிறதா என்று பாருங்கள். மூடாமல் விட்ட கடைசிப் பல் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி, வாயை மூடும்போது முதலில் அதுவே இடிக்கும், முன்னால் திறந்துவிடும். ரிட்டெய்னரின் பின்பக்கம் உடைந்து விழுந்ததைச் சும்மா விட்டவர்களுக்கும், கம்பி கழற்றிய பிறகு புதுக் கடைவாய்ப் பல் முளைத்த பிள்ளைகளுக்கும் இது வரும். சீக்கிரம் காட்டினால் ரிட்டெய்னரை மாற்றுவதோடு முடியலாம்.

வளரும் பையன்களுக்குக் கீழ்த்தாடை முன்னால் வருவது வேறு. அது தாடை எலும்பின் வளர்ச்சி. ரிட்டெய்னர் பல்லைப் பிடிக்கும், தாடையைப் பிடிக்காது. "நீ ஒழுங்காப் போடல" என்று பிள்ளையைத் திட்டுவதில் பயன் இல்லை. பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை போன்ற இடத்தில்தான் இதைப் பார்க்க வேண்டும்.

பாடசாலைப் பல் சிகிச்சையாளர் இதையெல்லாம் சரிசெய்ய மாட்டார், அது அவருடைய வேலையும் இல்லை. ஆனால் மாற்றத்தை முதலில் கவனிப்பவர் அவராக இருக்கலாம். அவர் சொன்னால் காது கொடுங்கள்.

வருடங்கள் கழித்து கீழ் முன்பற்கள் நெருங்குகின்றன

ஞானப்பல் தள்ளுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். ஞானப்பல் இல்லாதவர்களுக்கும், பிடுங்கியவர்களுக்கும் இதே நெருக்கம் வருகிறது. நெருக்கத்தைத் தடுப்பதற்காக மட்டும் ஞானப்பல்லைப் பிடுங்கச் சொன்னால் இன்னொரு வைத்தியரிடமும் கேட்டுவிடுங்கள். வலி, வீக்கம், சொத்தை இருந்தால் அது வேறு.

பாடசாலைக் காலத்தில் கம்பி போட்டு, உயர்தரம் முடித்து, கொழும்பில் கடையிலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போன பிறகு ரிட்டெய்னர் எங்கே போனது என்றே தெரியாதவர்கள் நிறைய. அவர்களுக்கு இரண்டு வழி. இப்போதைய நிலை உங்களுக்குப் பரவாயில்லை என்றால், இன்றைய பல்லுக்கு அச்சு எடுத்துப் புது ரிட்டெய்னர் செய்து, இதற்கு மேல் போகாமல் நிறுத்தலாம், செலவும் குறைவு. பழைய வரிசையே வேண்டும் என்றால் மறுபடி சிகிச்சை செய்ய வேண்டும். முன்பற்கள் சிலதற்கு மட்டும் என்றால் முதல் தடவை போல நீளாது. பழைய ரிட்டெய்னர் அலுமாரியில் கிடைத்து, அதைப் போட்டால் பல் வலிக்க வலிக்க ஏறுகிறது என்றால் அதை வைத்து நீங்களே சிகிச்சை செய்ய முயல வேண்டாம்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பல் விலகி இடைவெளி விழுந்தாலோ, முன்பல் நீண்ட மாதிரித் தெரிந்தாலோ, அசைந்தாலோ, ரிட்டெய்னருக்கு முன்பு முரசைக் காட்டுங்கள். எலும்பு கரைந்துகொண்டிருக்கும் பல்லின் மேல் ரிட்டெய்னர் மாட்டுவதால் பல் நிற்காது. முதலில் கல் சுரண்டி, எக்ஸ்ரே எடுத்து, முரசு ஆறிய பிறகே அச்சு.